பழைய மண் அள்ளும் இயந்திரங்களில் சார்ஜிங் கோளாறு: ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

மாலையில் வேலை முடித்து நிறுத்தியபோது நன்றாக இருந்த இயந்திரம், காலையில் சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றுவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் லாரியிலிருந்து கேபிள் கொடுத்து ஸ்டார்ட் செய்கிறார்கள். அன்று முழுவதும் இன்ஜினை அணைக்காமலே ஓட்டுகிறார்கள். மறுநாளும் அதே நிலை. மூன்றாம் நாள் பேட்டரி மாறுகிறது, அடுத்த வாரம் இன்ஜின் ஓட்டத்தில் மின்சாரம் உண்டாக்கி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மாறுகிறது, அதற்கடுத்த வாரம் புதிய பேட்டரியும் இறங்கிவிடுகிறது. பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்த பேக்ஹோ லோடர், எக்ஸ்கவேட்டர், வீல் லோடர் எதுவாக இருந்தாலும் இந்தச் செலவுக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அளந்து பார்ப்பதற்கு முன்பே பாகத்தை மாற்றிவிடுகிறோம். மெக்கானிக்கல் ஃபியூயல் பம்பும், கம்ப்யூட்டர் இல்லாத வயரிங்கும் கொண்ட பழைய இயந்திரங்களுக்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றும் ஒரு மணி நேரப் பொறுமையும் இருந்தால், இவற்றில் சார்ஜிங் கோளாறு எங்கே இருக்கிறது என்பதை ஆல்டர்னேட்டரைக் கழற்றாமலே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஆபரேட்டரிடம் கேளுங்கள்

மீட்டரை எடுப்பதற்கு முன், அந்த இயந்திரத்தில் தினமும் உட்காருபவரிடம் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். கோளாறு எந்த நாளிலிருந்து தொடங்கியது? அதற்கு முந்தைய நாட்களில் பக்கெட்டுக்கோ பூமுக்கோ வெல்டிங் நடந்ததா? வேறு வண்டியிலிருந்து கேபிள் கொடுத்தார்களா, கொடுக்கும்போது பிளஸ், மைனஸ் மாறித் தீப்பொறி பறந்ததா? புதிதாக விளக்கு, ஃபேன், பாட்டுப்பெட்டி ஏதேனும் மாட்டினார்களா? சார்ஜிங் லைட் எப்போது எரிகிறது, எப்போது அணைகிறது? இந்தப் பதில்களிலேயே பாதி விடை இருக்கும்.

வெல்டிங் பற்றிய கேள்வியைத் தவறவிடக் கூடாது. பக்கெட் பல் உடைந்தால் வேலை நடக்கும் இடத்திலேயே வெல்டிங் வைப்பது நம் ஊர் வழக்கம். அப்போது பேட்டரி கேபிள்களையும் ஆல்டர்னேட்டர் வயர்களையும் கழற்றாமல், எர்த் கிளிப்பை இயந்திரத்தின் ஏதோ ஒரு மூலையில் மாட்டி வெல்டிங் செய்தால், அந்த மின்னோட்டம் ஆல்டர்னேட்டரின் டயோடுகளையும் (ஏசியை டிசியாக மாற்றுபவை) ரெகுலேட்டரையும் (வோல்டேஜை அளவோடு வைப்பது) தாக்க வாய்ப்புண்டு. எர்த் கிளிப்பை வெல்டிங் செய்யும் பாகத்திலேயே, வெல்டிங் இடத்துக்கு மிக அருகில் மாட்ட வேண்டும்.

மணிக்கணக்கில் வாடகைக்கு ஓடும் இயந்திரங்களில் இன்னொரு தடயமும் கிடைக்கும். சில மாடல்களில் இன்ஜின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் ஓடுவதே ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் சிக்னலால்தான். ‘மீட்டர் சில நாளாக நின்று நின்று ஓடுகிறது’ என்று ஆபரேட்டர் சொன்னால், அது மீட்டர் கோளாறாக இல்லாமல் சார்ஜிங் கோளாறின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

பாதுகாப்பு

இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, பக்கெட்டையும் பூமையும் தரையில் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மோதிரம், கைச்சங்கிலி, இரும்புக் கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். தோளில் துண்டோடு ஓடும் இன்ஜின் அருகே குனியக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் அதை இழுத்துக்கொள்ள ஒரு கணம் போதும். சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளியிடுவதால் அதன் அருகில் பீடியோ தீக்குச்சியோ வேண்டாம்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி, ‘இன்ஜின் நிற்காமல் ஓடினால் ஆல்டர்னேட்டர் நல்லது’ என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கம் இன்னும் பல பட்டறைகளில் இருக்கிறது. ஆல்டர்னேட்டர் வருவதற்கு முன்பிருந்த டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டர் உள்ள இயந்திரத்தில் பேட்டரியைத் திடீரென்று விலக்கினால், அதுவரை பேட்டரி தாங்கிக்கொண்டிருந்த வோல்டேஜ் ஒரே தாவலில் பல மடங்கு எகிறி, டயோடையும் ரெகுலேட்டரையும் கொன்றுவிடும். டீசல் இன்ஜினோ மின்சாரம் இல்லாமலும் ஓடக்கூடியது. ஆகவே இந்தச் சோதனையால் தெரியவருவது எதுவுமில்லை. தயவுசெய்து யாரையும் இதைச் செய்ய விடாதீர்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி மெயின் சுவிட்சை அணைப்பதும் இதே கேட்டைத்தான் செய்யும்.

படி 1: பேட்டரி

இறங்கிப்போன பேட்டரியை வைத்துக்கொண்டு சார்ஜிங்கைச் சோதித்தால் கிடைக்கும் எண்களை நம்ப முடியாது. ஆகவே முதலில் பேட்டரியைக் கழற்றி, வெளிச் சார்ஜரில் முழுமையாகச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஓய்வில் வைத்த பிறகு அளக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரி 12.6 அல்லது அதற்குச் சற்று மேலே காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி, 12.0க்குக் கீழே என்றால் பெரும்பாலும் காலி. மூடி திறக்கக்கூடிய பேட்டரியாக இருந்தால், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் உறுதியான சாட்சி. ஆறு செல்களில் ஐந்து 1.250 காட்டி, ஒன்று மட்டும் 1.180 காட்டினால், அந்தச் செல் போய்விட்டது; எந்த ஆல்டர்னேட்டராலும் அந்தப் பேட்டரியைக் காப்பாற்ற முடியாது.

பிறகு பேட்டரியை மாட்டி, ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தோ ஸ்டாப் சாலினாய்டு வயரைக் கழற்றியோ இன்ஜின் பிடிக்காதபடி செய்துவிட்டு, சில விநாடிகள் செல்ஃப் (இன்ஜினைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) அடிக்கும்போது பேட்டரி முனைகளில் வோல்டேஜைப் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனமாக இருக்கலாம், அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கலாம். 24 வோல்ட் இயந்திரங்களில் இந்த எண்களை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியாகவும் அளக்க வேண்டும். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

படி 2: பெல்ட்

இது கையாலும் கண்ணாலும் முடியும் வேலை. இன்ஜினை அணைத்துவிட்டு, இரண்டு புல்லிகளுக்கு நடுவில் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் தாழ வேண்டும். அதோடு நிறுத்திவிடாமல் புல்லியின் பள்ளத்தையும் பாருங்கள். வி பெல்ட் தன் இரு பக்கவாட்டால் பிடித்துத்தான் சுற்ற வேண்டும். தேய்ந்த பெல்ட் பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டால், எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். பள்ளத்தின் அடிப்பகுதி கண்ணாடிபோல் பளபளப்பதே அதன் அடையாளம். அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங் போய்விடும்.

படி 3: சார்ஜிங் லைட் சொல்லும் செய்தி

டாஷ்போர்டில் இருக்கும் அந்தச் சிறிய சிவப்பு விளக்கை எச்சரிக்கை விளக்கு என்று மட்டும் நினைப்பது தவறு. பெரும்பாலான பழைய இயந்திரங்களில் சாவியைப் போட்டவுடன் இந்த பல்பு வழியாகச் செல்லும் சிறு மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டரைக் காந்தமாக்கி, சார்ஜிங்கைத் தொடங்கிவைக்கிறது. பல்பு ஃபியூஸ் போனால் ஆல்டர்னேட்டர் எழுந்திருக்காது. அல்லது ஒருமுறை ஆக்ஸிலரேட்டரை நன்றாக ஏற்றிய பிறகே எழும். பல்பு போன இடத்தில் எல்இடி மாட்டிவிட்டுச் சார்ஜ் ஏறவில்லை என்று வருபவர்கள் உண்டு. எல்இடி வழியாகப் போகும் மின்னோட்டம் ரோட்டருக்குப் போதாது. 2 அல்லது 3 வாட் இழை பல்பையே மாட்ட வேண்டும்.

சாவி போட்டு, இன்ஜின் ஓடாத நிலையில் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் டி பிளஸ் (D+) முனையிலிருந்து சிறிய வயரைக் கழற்றி, அதன் நுனியை இன்ஜின் உலோகத்தில் தொட்டுப் பாருங்கள். இப்போது விளக்கு எரிந்தால் வயரும் பல்பும் நல்லவை. ரோட்டருக்கு மின்சாரம் கொண்டுபோகும் கார்பன் தேய்ந்திருக்கிறது, ரோட்டர் சுருள் அறுந்திருக்கிறது, அல்லது ரெகுலேட்டர் போயிருக்கிறது. அப்போதும் எரியாவிட்டால் ஃபியூஸ், பல்பு, வயர் ஆகியவற்றைத்தான் தேட வேண்டும். கழற்றியது சிறிய வயர்தானா என்பதை இருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். பேட்டரிக்குச் சார்ஜைக் கொண்டுசெல்லும் தடித்த பி பிளஸ் (B+) வயரில் பேட்டரியின் முழு மின்சாரமும் எப்போதும் இருக்கும், அதை எர்த்தில் தொட்டால் தீப்பிடிக்கும்.

சாவியை எடுத்த பிறகும் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தால் டயோடு ஷார்ட் ஆகியிருக்கிறது. இன்ஜின் ஓடும்போது விளக்கு அரைகுறையாக மினுங்கினால், டயோடையோ சார்ஜிங் வயரில் உள்ள தடையையோ சந்தேகிக்க வேண்டும்.

படி 4: ஓடும் இன்ஜினில் வோல்டேஜ்

இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏறத்தாழ 1500 ஆர்பிஎம்மில் வைத்து, பேட்டரியின் ஈயக் குமிழ்களிலேயே மீட்டர் முனைகளை வைத்து அளக்க வேண்டும். 12 வோல்ட் இயந்திரத்தில் 13.8 முதல் 14.4 வரையும், 24 வோல்ட் இயந்திரத்தில் 27.6 முதல் 28.8 வரையும் இருந்தால் நல்லது. அடுத்து எல்லா விளக்குகளையும், கேபின் ஃபேனையும், வைப்பரையும் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள், 12 வோல்ட் இயந்திரத்தில் 13.5க்குக் கீழே போகக் கூடாது. சும்மா இருக்கும்போது 14.2 காட்டி, விளக்குப் போட்டதும் 12.8க்கு விழும் இயந்திரங்கள் ஏராளம். சுமையில்லாமல் மட்டும் அளந்துவிட்டு ‘சார்ஜிங் சரி’ என்று அனுப்பிவைப்பதுதான் இந்தத் தொழிலில் நான் அதிகம் பார்த்த தவறு.

15 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் அது வேறு வகை நோய்: பேட்டரித் தண்ணீர் வேகமாக வற்றும், பல்புகள் அடிக்கடி போகும். உடனே ரெகுலேட்டரைக் குறை சொல்லக் கூடாது. பேட்டரி வோல்டேஜைத் தனி வயர் மூலம் அறிந்துகொள்ளும் வகை ரெகுலேட்டராக இருந்தால், அந்த வயர் பூத்துப்போனால் உண்மையைவிடக் குறைந்த வோல்டேஜ்தான் ரெகுலேட்டருக்குத் தெரியும். அதை ஈடுகட்டவே அது மேலும் மேலும் ஏற்றிக்கொண்டே போகும். வெளியே பொருத்திய ரெகுலேட்டரின் எர்த் கெட்டாலும் இதேதான் நடக்கும்.

படி 5: வோல்டேஜ் எங்கே தொலைகிறது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் கற்றுக்கொள்ள நேரமிருந்தால், இதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்வது ஒன்று, பேட்டரிக்கு வந்துசேர்வது இன்னொன்று. இடையில் வயர், அதன் நுனியிலுள்ள லக் வளையம், செல்ஃபின் மெயின் போல்ட், மெயின் சுவிட்ச், பேட்டரி கிளாம்ப் என்று எத்தனையோ இணைப்புகள் இருக்கின்றன. பழைய இயந்திரத்தில் ஒவ்வொன்றும் இருபது மழைக்காலத்தைப் பார்த்தது.

இன்ஜின் 1500 ஆர்பிஎம்மில், எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருக்க, மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் போல்ட்டிலும், கறுப்பு முனையை பேட்டரியின் பிளஸ் குமிழிலும் வைக்க வேண்டும். லக்கின்மீதோ கிளாம்பின்மீதோ வைக்காமல், போல்ட்டின் தலையிலும் ஈயக் குமிழிலுமே வைத்தால்தான் அந்த இணைப்புகளும் கணக்கில் சேரும். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்டேஜ். 0.3 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதேபோல் ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் மைனஸ் குமிழுக்கும் இடையே அளந்தால் 0.2க்குள் இருக்க வேண்டும்.

கல் குவாரி ஒன்றில் ஓடிய 12 வோல்ட் பேக்ஹோ ஒன்று, இரண்டு மாதத்தில் இரண்டு ஆல்டர்னேட்டர் மாற்றிய பிறகு என்னிடம் வந்தது. ஆல்டர்னேட்டரில் 14.3 வோல்ட், பேட்டரியில் 12.9. மைனஸ் பக்கம் 0.1தான் தொலைந்தது, பிளஸ் பக்கம் 1.3. கறுப்பு முனையைப் பேட்டரியிலிருந்து ஆல்டர்னேட்டரை நோக்கி ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டே வந்தேன். செல்ஃபின் மெயின் போல்ட்டில் வைத்தபோதும் அதே 1.3. அப்படியென்றால் கோளாறு, ஆல்டர்னேட்டரிலிருந்து செல்ஃப் வரை செல்லும் ஒரு மீட்டர் வயருக்குள் இருக்கிறது. எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பின்புறம், எண்ணெயும் தூசியும் படிந்து மேடிட்ட இடத்தில், கறுப்பு டேப் சுற்றிய முடிச்சு ஒன்று இருந்தது. தொட்டபோது விரல் சுட்டது. டேப்பை உரித்தால் உள்ளே வயரை வெறும் கையால் முறுக்கி இணைத்திருந்தார்கள். செம்பு இழைகள் கரிபோல் கறுத்து, நகத்தால் கீறினாலும் மினுங்கவில்லை. அந்த வயரை முழுமையாக நீக்கிவிட்டு, 16 சதுர மில்லிமீட்டர் வயரை லக் கிரிம்ப் செய்து போட்டதும் பேட்டரியில் 14.1 வந்தது. கழற்றி வீசப்பட்ட இரண்டு ஆல்டர்னேட்டர்களும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தன.

அந்த வயரை மீட்டரின் ஓம் அளவில் வைத்துப் பார்த்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. 30 ஆம்பியர் ஓடும்போது 1.2 வோல்ட் தொலைகிறது என்றால் தடை 0.04 ஓம்தான், சாதாரண மீட்டரின் சொந்த முனை வயர்களே அதைவிட அதிகம் காட்டும். ஆனால் அதே இடத்தில் 36 வாட் வெப்பமாக வெளியேறும். விரல் சுட்டது அதனால்தான். மின்னோட்டம் ஓடும்போது மட்டுமே இந்த வகைக் கோளாறு தன்னைக் காட்டும்.

மைனஸ் பக்கத்தில் இழப்பு அதிகமாக இருந்தால் இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையைப் பாருங்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால், இந்தப் பட்டை இல்லாமல் அதற்குச் சரியான எர்த் கிடைக்காது. பெயின்ட் அடித்த பிறகு கோளாறு தொடங்கியது என்றால் முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும். பட்டையைக் கழற்றி, அடியில் இருக்கும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். எர்த் கெட்டால் செல்ஃபும் சேர்ந்தே திணறும். செல்ஃப் நன்றாக இழுத்து, சார்ஜிங் மட்டும் குறைந்தால் பிளஸ் பக்கத்துச் சார்ஜிங் வயரில் முதலில் தேடலாம்.

படி 6: ஆல்டர்னேட்டருக்குள்

பி பிளஸ் போல்ட்டிலேயே வோல்டேஜ் குறைவாக இருந்தால்தான் ஆல்டர்னேட்டரைக் குற்றம் சொல்ல வேண்டும். அப்போதும் கழற்றும் முன் ஒரு சோதனை பாக்கி. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, விளக்குகள் எரிய, இன்ஜின் ஓட, பேட்டரி முனைகளில் அளந்தால் 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மீறினால் டயோடு ஒன்று போயிருக்கிறது. மலிவான சில மீட்டர்கள் ஏசி அளவில் டிசியையும் சேர்த்துக் காட்டிக் குழப்பும். இன்ஜின் ஓடாதபோதே பேட்டரியில் வைத்துப் பாருங்கள். பூஜ்யம் காட்டாத மீட்டர் இந்தச் சோதனைக்கு உதவாது.

ஒரு டயோடு மட்டும் போன ஆல்டர்னேட்டர், சுமையில்லாதபோது 14 வோல்ட் காட்டி நம்மை ஏமாற்றும். சுமை ஏறினால்தான் தளர்ந்துபோகும்.

கழற்றிய பிறகு கார்பனை முதலில் பாருங்கள். வெளியே நீட்டி நிற்கும் நீளம் 5 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். சிமென்ட், செங்கல் சூளை, குவாரி போன்ற தூசியான இடங்களில் ஓடும் இயந்திரங்களில் கார்பன் தன் கூட்டிலேயே சிக்கி, ரோட்டரிலுள்ள ஸ்லிப் ரிங்கைத் தொடாமல் நிற்பதும் உண்டு. ஸ்பிரிங் தள்ளும்போது அது தாராளமாக வந்துபோக வேண்டும். ரெகுலேட்டரும் கார்பனும் ஒரே தொகுப்பாக இருக்கும் வகைகளில், அதை மட்டும் மாற்றினாலே பல ஆல்டர்னேட்டர்கள் உயிர்பெறும்.

ரெகுலேட்டரைத் தாண்டி ஃபீல்டுக்கு (ரோட்டர் சுருளுக்கு) நேரடி மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் பழைய முறை, ரெகுலேட்டர் வெளியே இருக்கும் இயந்திரங்களுக்கு மட்டுமே பொருந்தும். அவற்றிலும் சிலவற்றில் ஃபீல்டுக்குப் பிளஸ் கொடுக்க வேண்டும், சிலவற்றில் எர்த் கொடுக்க வேண்டும். வயரிங் படம் கையில் இல்லாமல் செய்தால் நல்ல பாகமும் எரிந்துபோகும்.

இரவில் வடியும் பேட்டரி

எல்லா எண்களும் சரியாக இருந்தும் காலையில் பேட்டரி இறங்கியிருந்தால், நிறுத்திய பிறகு ஏதோ ஒன்று இழுக்கிறது. சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் கேபிளைக் கழற்றி, குமிழுக்கும் கேபிளுக்கும் இடையே முதலில் ஒரு 21 வாட் பல்பை மாட்டிப் பாருங்கள். அது எரிந்தால் இழப்பு பெரியது. எரியாவிட்டால் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் அதே இடத்தில் வையுங்கள். மீட்டர் இருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது. கம்ப்யூட்டர் இல்லாத இயந்திரத்தில் 0.05 ஆம்பியரே அதிகம். 2 ஆம்பியர் இழுத்தால் 12 மணி நேரத்தில் 24 ஆம்பியர் மணி போய்விடும். 100 ஆம்பியர் மணி பேட்டரியில் அது ஏறக்குறையக் கால் பங்கு.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தால் எந்தச் சுற்று இழுக்கிறது என்று தெரியும். எல்லா ஃபியூஸும் எடுத்த பிறகும் இழுப்பு நிற்காவிட்டால், மைனஸ் கேபிளை முழுதாக விலக்கிவிட்டு ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் வயரைக் கழற்றி, நுனிக்கு டேப் சுற்றி, மறுபடி அளந்து பாருங்கள். இழுப்பு நின்றால் காரணம் ஆல்டர்னேட்டர்தான். விடியற்காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது ஆல்டர்னேட்டர் மட்டும் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால், இவ்வளவு சோதனையும் தேவையில்லை, டயோடு ஷார்ட்.

24 வோல்ட் இயந்திரங்களில் ஒரு பொதுப் பிழை

பழைய எக்ஸ்கவேட்டர்களில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். ஆபரேட்டர் தன் ஃபேனையும் செல்போன் சார்ஜரையும் பாட்டுப்பெட்டியையும் ஒரே ஒரு பேட்டரியிலிருந்து எடுத்து ஓட்டுவார். ஆல்டர்னேட்டரோ இரண்டையும் சேர்த்து 28 வோல்ட்டாகத்தான் பார்க்கிறது. ஃபேன் ஓடும் பேட்டரி 13 வோல்ட்டில் பட்டினி கிடக்க, மற்றது 15 வோல்ட்டில் கொதிக்கும். ஒரு பேட்டரியில் தண்ணீர் வற்றிக்கொண்டே இருக்கிறது, மற்றது எப்போதும் இறங்கிக் கிடக்கிறது என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வர்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். வெயிலில் பத்து மணி நேரம் உட்காருபவருக்கு ஃபேன் அவசியம், அதைப் பிடுங்குவது தீர்வல்ல. பேட்டரிகளை மாற்றும்போதும் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே திறனில், ஒரே தயாரிப்பாக மாற்ற வேண்டும்.

சுமைக் கணக்கு

எந்தக் கோளாறும் இல்லாமலும் பேட்டரி இறங்கலாம். 55 வாட் விளக்குகள் ஆறு எரிந்தால் 330 வாட், 13.8 வோல்ட்டில் ஏறத்தாழ 24 ஆம்பியர். இன்னும் நான்கைக் கூடுதலாக மாட்டினால் 40 ஆம்பியர். 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் அந்த அளவை வேகமாகச் சுற்றும்போது மட்டுமே தரும். இரவு வேலையில் லாரிக்காகக் காத்திருந்து ஐடிலில் நிற்கும் நேரமெல்லாம் பேட்டரிதான் விளக்கெரிக்கிறது. இங்கே எல்இடி ஒர்க் லைட் உண்மையாகவே உதவும்.

மிகப் பழைய இயந்திரங்களில் டைனமோவும் கட்அவுட்டும் இருந்தால் மேலே சொன்ன டயோடு சோதனைகள் பொருந்தா. பேட்டரி, பெல்ட், வயர் இழப்புச் சோதனைகள் அப்படியே பொருந்தும்.

புதிய ஆல்டர்னேட்டர் மாட்டும் நாளில்

சோதனைகளின் முடிவில் ஆல்டர்னேட்டர் உண்மையிலேயே போயிருந்தால், பழையதன் புல்லி அளவு, சுற்றும் திசை, ஆம்பியர், முனைகளின் அமைப்பு ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். காலியான பேட்டரியை நிரப்பும் வேலையைப் புதிய ஆல்டர்னேட்டரிடம் கொடுக்காதீர்கள். மணிக்கணக்கில் முழுச் சுமையில் காய்ந்து, முதல் நாளிலேயே அதன் ஆயுள் குறையும். பேட்டரியை வெளியே சார்ஜ் ஏற்றிய பிறகு மாட்டி, 4ஆம், 5ஆம் படிகளை மறுபடி செய்து, கிடைத்த எண்களை ஓய்வில், சுமையில்லாமல், சுமையோடு, பிளஸ் இழப்பு, மைனஸ் இழப்பு என்ற வரிசையில் தேதியோடு பேட்டரிப் பெட்டி மூடியின் உட்புறத்தில் பெயின்ட் மார்க்கரால் எழுதிவையுங்கள். அடுத்த முறை செல்ஃப் அடிக்காமல் நிற்கும் காலையில், யார் வந்து மூடியைத் திறந்தாலும் அந்த ஐந்து எண்களிலிருந்தே தொடங்கலாம்.